இதர

கட்டபெட்டிலிருந்து இறங்கும் சரிவில்
ஏழாவது குடில் என்னுடையது.
என்னுடையது என்றால்
கார்னேஷனின் பக்கமொட்டுகளைக் கிள்ளுவதும்
மஞ்சள் பசையட்டையில் செத்ததை எண்ணுவதும்.
பூ பெங்களூருக்குப் போகும்.
கூலி சனிக்கிழமை வரும்.

எட்டரை மணிக்கு, பிளாஸ்டிக் கூரையிலிருந்து
ராத்திரிப் பனி சொட்டத் தொடங்கும்போது
அது வந்து உட்காரும்
மூன்றாம் வரிசைக் கம்பியில்,
துருப்பிடித்த முடிச்சின் மேல்.
பார்த்தால் சாதா ஈ.
டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள்
வடைமேல் நடக்கிற அதே சாம்பல் நிறம்.
ஆனால் இது எதையும் மொய்ப்பதில்லை.
தலையை மட்டும் திருப்பிக்கொண்டிருக்கும்,
பர்லியார் செக்போஸ்டில்
பிளாஸ்டிக் பாட்டில் தேடுகிற ஆள் மாதிரி.

ஒரு செடியை அசைக்கிறேன்.
இலையடியிலிருந்து வெள்ளை ஈக்கள்
மாவு சிதறினாற்போல் எழும்புகின்றன.
கம்பி காலி.
கம்பி காலியில்லை.
முன்கால்களுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு.
இடையில் நடந்ததைப் பார்த்துவிட
இரண்டு வருஷமாக முயல்கிறேன்.

கழுத்தில் ஒரு குத்து.
உறிஞ்சி முடித்துத் தோலைக் கீழே போடும்.
கம்பிக்கு நேர் கீழே மண்ணில்
நொய்யரிசிபோல் கிடக்கும் அதன் சாப்பாட்டுக் கணக்கு.

உட்கார்ந்திருப்பதை அது தொடாது.
பக்கத்து இலையில் பத்து வெள்ளை ஈ
ஒட்டிக் கிடந்தாலும் கண்டுகொள்ளாது.
பறக்க வேண்டும்.
பறந்தால்தான் அதன் கண்ணுக்கு உயிர்.
தவமலரிடம் சொன்னேன்.
"எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்றாள்,
கிள்ளிய மொட்டை மடியில் போட்டபடி.
சிரித்தோம்.
பிறகு ஒரு வரிசை முழுக்க அவள் பேசவில்லை.

என் கை போகிற வரிசைக்கெல்லாம் அதுவும் வந்தது.
நான் கலைக்க, அது பிடிக்க.
கூட்டு என்று சொல்ல மாட்டேன்.
என்னை ஒரு காற்று என்று நினைத்திருக்கும்.
ஒருநாள் தன் இனத்திலேயே ஒன்றைப் பிடித்து,
சின்னது, ஆணாக இருக்கலாம்,
நிதானமாகத் தின்றது.
அன்றைக்கு அதை எனக்குப் பிடிக்கவில்லை.
மறுநாள் எட்டரைக்கு முன்பே தேடினேன்.

ரெஜிஸ்டரில் நான்கு கட்டம்:
வெள்ளை ஈ. இலைப்பேன். பூஞ்சைக் கொசு. இதர.
ஆறாம் குடிலில் வருஷம் பூராவும் ஒரே எண்,
பதினெட்டு, ஏழு, பதினொன்று, பூஜ்யம்.
ஈயடிச்சான் காப்பி என்று சிரித்துக்கொண்டே
சூப்பர்வைசர் போஜன் கையெழுத்துப் போடுவார்.
என்னிடம்தான் கேட்டார்:
"உனக்கு மட்டும் வெள்ளை ஈ எப்படிக் குறையுது?
மருந்தும் வாங்கிட்டுப் போகலையே."
கம்பியைக் காட்டினேன்.
"அது குப்பை ஈ. நாளைக்கு அடிச்சுவிடு."
என் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு
இருபது லிட்டரும் அடித்தேன், முகமூடி போட்டு, முறையாக.
வெறும் தண்ணீர்.
ஓடைத் தண்ணீர், கை விறைத்தது.
ஒரு பொய்யை இவ்வளவு கனமாய்
நான் சுமந்ததே இல்லை.
தவமலர் மோந்து பார்த்தாள்; ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் அட்டைகளைக் கழற்றினேன்.
மூன்றாம் வரிசை, நான் கட்டிய அட்டை,
நான் கட்டிய உயரம்.
மஞ்சள் பசையில்
சாம்பல் நிறத்தில் அது.
ஒரு இறக்கை மட்டும்
விட்டுவிட்டு அதிர்ந்தது.

தீக்குச்சியால் எடுக்கப் பார்த்தேன்.
கால் ஒன்று கையோடு வந்தது. விட்டுவிட்டேன்.

வெளியே மூடுபனி ஏறி
ஆறாம் குடிலை அழித்துவிட்டிருந்தது.
முதல் மூன்று கட்டங்களிலும்
நேற்றைய எண்ணையே எழுதினேன்,
முதல்முறையாக.
நான்காவதில் பேனா நின்றது.
அதன் முன்கால்களுக்குள்
இன்னும் அந்த வெள்ளைப் பொட்டு இருந்தது,
விடாமல்.
அதை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?